கொழும்பு நாடகத்தில் நான் பிடித்த கயிறு

கொழும்புக்கு நான் போனது பெண்ணை அழைத்து வர. என் தங்கச்சி கித்தேரியின் ஒரே மகள் செலின் அங்கே அத்தை வீட்டில் வளர்ந்தவள். தகப்பன் கடலில் செத்துப்போனபோது அவளுக்கு எட்டு வயது. பதின்மூன்று வருசம் கழித்துத் தூத்துக்குடியிலேயே மாப்பிள்ளை அமைந்தது. மாதா கோயிலில் கலியாண ஓலையும் மூன்று ஞாயிறு வாசித்தாகிவிட்டது. தகப்பன் இல்லாத பெண்ணைத் தாய்மாமன் கைபிடித்து, கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடத்திக் கொண்டுபோய் மாப்பிள்ளை பக்கத்தில் விட வேண்டும். எங்கள் தெருவில் அதுதான் முறை.

அந்தக் கையை நான் பிடிக்கலாமா என்பதுதான் போகும்போதும் வரும்போதும் எனக்கு இருந்த ஒரே யோசனை. கடலும் பட்டணமும் நாடகமும் நடுவில் வந்தவை. கித்தேரி சரி என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன், கண்டதைக் கண்டபடி சொல்லத்தான் தெரியும்.

நான் தோணி வேலைக்காரன். பாய் கட்டுவேன், சரக்கு ஏற்றி இறக்குவேன், சில நாள் சோறும் பொங்குவேன். ஆகவே போகும்போது எங்கள் தோணியே எனக்கு வாகனம். அடித்தட்டு முழுக்க வெங்காயமும் வத்தலும். என் மடியில் கித்தேரி கொடுத்துவிட்ட மக்ரூன் பொட்டலமும் ஒரு உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பமும். பழைய துறையை விட்டு வெளியேறி, புதுத் துறைமுகத்துக்குப் போட்டிருக்கிற கல்லணையைக் கடந்ததும் கோயில் கோபுரம் மட்டும் வெகுநேரம் தெரிந்தது. அது மறைகிறவரை எல்லோரும் செபமாலை சொன்னோம்.

மறுநாள் உச்சியில் காற்று நின்றது. பாய், உலர்த்தப் போட்ட சேலை மாதிரித் தொங்கியது. தண்டல் அண்ணாச்சி, அவர்தான் எங்கள் தோணிக்குத் தலைவர், ஈயக் குண்டை இறக்கி ஆழம் பார்த்தார். குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் சிப்பி நொறுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது.

“முத்துப் பார் மேல நிக்கோம்லே,” என்றார். “ஒருத்தனும் செத்தவன் பேரச் சொல்லிராதீங்க.”

கூட இருந்த செபஸ்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். “சொன்னா என்ன அண்ணாச்சி, மேல ஏறி வந்து கூலி கேப்பானா?”

“கூலி கேட்டாக் குடுத்திரலாம். கயிறு கேட்டா என்னலே செய்வ?”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் வந்த தண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

முத்துச் சிப்பி விளைகிற அந்தக் கடலடிப் பாரில்தான் என் மச்சான், செலினின் தகப்பன், மிக்கேல் போனார். எங்கள் கரையில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு அது. முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவன் என்றால் பங்கு பாகம் என்று மனசில் ஏதாவது இருக்கும், கை தளர்ந்தாலும் தளரும். தங்கச்சியின் தாலியைப் பிடித்திருக்கிறவன் தளர விடமாட்டான் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. கீழே போனவர் கூடை நிறைந்ததும் கயிற்றை இழுத்துச் சாடை காட்டுவார். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு சாடை. எங்களுடையது ஒரு குட்டை இழுப்பு, ஒரு நெட்டை இழுப்பு. அதை வெளியே சொல்வதில்லை. நான் தூக்குவேன். மேலே வந்ததும் மச்சான் பல்லிடுக்கில் மூச்சை விடுவார், சீட்டி போல ஒரு சத்தம் வரும். அது கேட்ட பிறகுதான் நான் மூச்சு விடுவேன்.

அன்றைக்குக் காவல் கப்பலில் உச்சி மணி அடித்தார்கள். அந்த மணிக்கு எல்லா வள்ளத்திலும் அருள் நிறைந்த மந்திரம் மூன்று சொல்வோம். கயிறு பிடிக்கிறவனுக்கு மட்டும் அது கிடையாது. வள்ளங்களை மந்திரிக்க வருகிற சாமியார் வருசா வருசம் சொல்லுவார், கயிறு பிடிக்கிறவனுக்குக் கயிறே செபமாலை என்று. எனக்கு அது போதவில்லை. ஒரு நாளும் உச்சிச் செபம் தவறாதவன் என்கிற நினைப்பு எனக்கு. கயிற்றை வள்ளத்தின் விளிம்பில் போட்டுவிட்டு, சிலுவை வரைந்து, கைகூப்பி, கண்ணை மூடி மூன்றையும் முழுசாகச் சொன்னேன். கண்ணைத் திறந்து கயிற்றை எடுத்தபோது அதில் கனம் இல்லை.

மச்சானை மறுநாள்தான் எடுத்தார்கள். அவர் இழுத்தாரா, இழுக்கவே இல்லையா, எனக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்து, உன் தங்கச்சியிடமும் சொல் என்றார். அவர் விதித்த அபராதத்தில் அது ஒன்றைத்தான் நான் செய்யவில்லை.

காற்று இல்லாத அந்த உச்சியில் தோணிக்கு வெளியே, தண்ணீர் மட்டத்தில், சீட்டி போல ஒரு சத்தம் கேட்டது. செபஸ்தி வாயை மூடிக்கொண்டான்.

“ஓங்கில் மூச்சு விடுது,” என்றார் தண்டல்.

நான் நாலு பக்கமும் பார்த்தேன். கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. ஓங்கில் என்கிற டால்பினின் முதுகு எங்கேயும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது.

கொழும்பில் இறங்கிய காலையில் ரோசம்மா மதினி, அவள்தான் செலினை வளர்த்த அத்தை, என் கையில் ஒரு பையைக் கொடுத்து, பாண் வாங்க வரிசையில் நிற்க அனுப்பிவிட்டாள். பாண் என்றால் ரொட்டிதான். எங்கள் ஊரில் காய்ச்சல்காரன் தின்பது. இங்கே அரிசித் தட்டுப்பாடு, எல்லோரும் அதற்கு முண்டுகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற சிங்களக் கிழவர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு என்னவோ சொல்ல, வரிசையே சிரித்தது. பக்கத்திலிருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். “இந்தியாவிலிருந்தும் வரிசைக்கு ஆள் வந்தாச்சு, இனிப் போறணையைக் கடற்கரையில்தான் வைக்கணும்” என்றாராம். போறணை என்றால் ரொட்டி சுடுகிற இடம். தேத்தண்ணீர்க் கடையிலும் சீனி இல்லை. ஒரு கையில் கோப்பை, மறு கையில் சுண்டு விரல் நகமளவு பனைவெல்லம். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். நான் கொண்டுபோன உடன்குடிக் கருப்பட்டியை மதினி சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

செலின் தையல் கடையில் வேலை பார்க்கிறவள். அப்போது அவர்கள் கடைக்கு ஒரு நாடகக் கொட்டகையில் அவசர வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த குழு. கப்பலில் வரும்போது உடுப்புப் பெட்டிகளில் கடல் தண்ணீர் ஏறி எல்லாம் கெட்டுப்போனதால் இங்கேயே புதிதாகத் தைத்தார்கள். அவளைப் பார்க்க மாடி பஸ்ஸில் போனேன். கொட்டகைக்கு ஒரு தெரு முன்னால் பஸ் படுத்துவிட்டது. இறங்கித் தள்ளுங்கள் என்றார் நடத்துநர். தள்ளிக்கொண்டு வரும்போதே கேட்டது, பல்லிடுக்கில் விடுகிற மூச்சு. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு, ஒன்று மாற்றி ஒன்றாக. பஸ்ஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பின்னால் தள்ளியவர் என் மேல் மோதி ஏசினார்.

பக்கத்துக் கதவு வழியே செலின் வந்தாள். வாயில் குண்டூசி, கழுத்தில் அளவு நாடா. தகப்பனின் நெற்றி அப்படியே. ஊசியை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டு, “மாமா,” என்று என் கையைப் பிடித்தாள். நான் லேஞ்சி எடுத்து முகம் துடைக்கிற சாக்கில் கையை உருவிக்கொண்டேன்.

“உள்ள யாரு ஏளா சீட்டி அடிக்கா?”

“முங்குற பொம்பளைங்க மாமா. ஜப்பான்ல கடலுக்குள்ள முங்குறது பொம்பளைங்கதானாம். மேல வந்தா இப்படித்தான் மூச்சு விடுவாங்களாம். நாடகத்துக்காகப் பழகுறாங்க.”

“கயிறு?”

“புருசன் பிடிப்பான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொண்டாட்டி முங்குதா, புருசன் மேல உக்காந்து கயிறு பிடிக்கானாக்கும். அப்ப அவ தம்பி என்ன செய்யுதான், சீட்டு ஆடுதானா?”

அவளும் சிரித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். “அப்பாவுக்கு நீங்கதான பிடிச்சீங்க?”

“ஆமா,” என்றேன்.

நாடகம் ஜப்பான் வம்சத்து அமெரிக்கர் ஒருவரின் கதை, முழுக்கப் பாட்டாகவே வரும் என்று சொன்னாள். கவாசே என்று பெயர், பெரிய பெரிய கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர். கட்டடம் கட்டுகிறவன் கதையை எதற்குப் பாட்டாகப் பாட வேண்டும் என்று கேட்டேன். “வந்து பாருங்க,” என்றாள்.

மறுநாள் மத்தியான ஆட்டம். தைத்தவர்களுக்கென்று கொடுத்த இடம் முதல் வரிசையில் ஓரத்தில், மேடை விளிம்புக்கு நாலு முழம் தள்ளி. வசனமே கிடையாது, எல்லாம் பாட்டு. செலின் என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேடை நடுவில் ஒரு வட்டப் பொந்து. அதுதான் கடல். கவாசேயின் தாய் வெள்ளை உடுப்பில், செலின் தைத்த உடுப்பில், அதற்குள் இறங்குகிறாள். புருசன் வெள்ளைக் கயிற்றைப் பிடித்து நிற்கிறான். கைக்குழந்தையோடு அமெரிக்கக் கரைக்குப் பிழைக்கப் போகிறார்கள். அங்கேயும் அவள் முங்குகிறாள். ஒரு நாள் வரவில்லை. புருசன் கயிற்றை விடாமல் முழங்கால் போட்டுப் பாடினான்.

“‘நான் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன், கயிறு ஒண்ணுமே சொல்லல’ன்னு பாடுறார் மாமா.”

எனக்கு வேர்த்தது. அவனாவது பிடித்திருந்தான்.

பிள்ளை வளர்கிறான். ஜப்பானோடு அமெரிக்காவுக்குச் சண்டைக் காலம் வருகிறது. முகம் ஜப்பான் முகம் என்பதற்காக அவனையும் அவன் தகப்பனையும் வனாந்தரத்தில் முள்கம்பி வேலிக்குள் அடைக்கிறார்கள். அங்கே உடைந்த பெட்டிப் பலகைகளைப் பொறுக்கித் தச்சு வேலை பழகுகிறான். வெளியே வந்து படித்து, வானளவு கட்டடம் கட்டுகிறான். ஆனால் எங்கே எதைக் கட்டினாலும் தரையில் ஒரு பொந்து விடுவானாம், கீழே பார்க்க. கடைசியில் கிழவனாகி, தாய் முங்கின கடலோரத்தில் ஒரு சின்ன செப வீடு கட்டுகிறான். அதன் நடுவிலும் பொந்து. அதில் ஒரு கயிறு இறங்குகிறது.

வெள்ளை உடுப்புத் தாய் மறுபடி வந்தாள். யாரும் பார்க்காதது போல் பொந்துக்குள் இறங்கினாள். கிழவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து பாட ஆரம்பித்தார். எல்லோரும் அவரோடு சேர்ந்தார்கள். கயிற்றின் இந்தப் பக்கத்து முனை மேடை விளிம்பில் வழுக்கி என் காலடியில் விழுந்தது.

கீழே ஆள் இருக்கிறது. கயிற்றில் கை இல்லை.

நாடகம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை அதை எடுத்துவிட்டது. எடுத்தபோது லேசாகத்தான் இருந்தது. பிறகு இழுபட்டது. ஒரு குட்டை இழுப்பு. ஒரு நெட்டை இழுப்பு.

நான் எழுந்து நின்று தூக்கினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். “மாமா, உக்காருங்க,” என்று செலின் என் சட்டையைப் பிடித்தாள். கிழவர் வேடம் போட்டவர் பாட்டை நிறுத்தாமல் என்னையே பார்த்தார். அப்புறம் விளிம்புக்கு வந்து குனிந்து, தானும் கயிற்றில் கை வைத்து என்னோடு சேர்ந்து தூக்கினார். கனமாக இருந்தது. அவர் குரல் ஒரு தரம் நடுங்கியது. சட்டென்று கனம் விட்டது. வெறும் முனை வந்து விழுந்தது. அதே நேரத்தில் கொட்டகையின் பின்கதவுப் பக்கம் சீட்டி கேட்டது. தாய் வேடக்காரி சனங்களுக்கு நடுவே பாடிக்கொண்டு மேடைக்கு நடந்து வந்தாள். கீழே இறங்கியவள் சுற்றிக்கொண்டு அங்கே போய் ரொம்ப நேரமாகியிருந்தது.

கயிற்றின் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கீழே பார்க்க வேண்டும் என்றேன். கயிற்றையும் எடுத்துக்கொண்டேன், செலின் கூட்டிப் போனாள். தாழ்ந்த அறை, புழுதித் தரை. தூசியில் செருப்புத் தடங்கள் கலையாமல் கிடந்தன, எங்கேயும் ஈரம் இல்லை. சுவரில் ஒரு இரும்பு வளையம். கயிற்றை அதில் தானே முடிச்சுப் போட்டதாகவும், அது அவிழ்கிற முடிச்சே இல்லை என்றும் மேடை வேலைக்காரர் அவளிடம் சொன்னாராம். முனையை நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

“கை வேர்வையும் உப்புதான மாமா,” என்றாள் செலின்.

அங்கேயே சொன்னேன். மணியை, மந்திரத்தை, விளிம்பில் போட்ட கயிற்றை. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா இழுத்தாங்களா?”

“தெரியாது தாயி. நான் பிடிக்கல.”

கயிற்றின் முனையைத் தொட்டுப் பார்த்து, “இன்னைக்கு?” என்றாள்.

“இழுத்தாரு.”

“எப்படி?”

வெளியே யாருக்கும் சொல்லாத சாடை அது. கயிற்றின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையிலிருந்து இழுத்துக் காட்டினேன். அவள் கயிற்றைத் தரையில் போட்டாள். “அம்மாட்ட நீங்களே சொல்லணும். சொல்லிட்டு வாங்க. அப்புறம் கை பிடிக்கிறதப் பத்திப் பாப்போம்,” என்று சொல்லிப் படியேறிப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பெண்பிள்ளையைத் தோணியில் ஏற்ற முடியாது. ரயிலும் கப்பலுமாக வந்தோம். கப்பலில் அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இறால் வடை வாங்கிக் கொடுத்தனுப்பினேன், அப்படியே திரும்பி வந்தது. எதிரே இருந்த ஒரு அம்மாள், “பெத்த மகளோட சண்டையா ஐயா? கலியாணம் ஆகிப் போகப்போற பிள்ள, விட்டுப் பிடியுங்க,” என்று புத்தி சொன்னாள். நான் வடையை அந்த அம்மாளுக்கே கொடுத்துவிட்டேன். நம் கரை தெரிந்தபோது செலின் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறாளோ, செபம் சொல்கிறாளோ.

கித்தேரி குசினியில் சீலா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு இரண்டு நாள். நான் வாசற்படியில் நின்றே சொல்லி முடித்தேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கம் கரிகிற வாடை வந்தது. எடுக்கவில்லை.

“பதிமூணு வருசமா, கடல்ல இருந்து வந்தா மொத மீன எனக்குக் கொண்டாந்து குடுத்தியே. அது இதுக்குத்தானா?”

அவள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

“எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல. கை அவளோட கை. அவகிட்டயே கேளு.”

அன்று அவள் எனக்குச் சோறு போடவில்லை. செலினும் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கலியாணப் பூசை பதினோரு மணிக்கு என்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த கார், உப்பு ஏற்றின கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றுபோனது. பேண்டுக்காரர்கள் வாசித்த பாட்டையே வாசித்துக் களைத்துப்போனார்கள். நான் கோயில் வாசலில், கூட்டத்துக்குப் பின்னால், ஒரு தூணை ஒட்டி நின்றேன். மச்சானுக்குச் சித்தப்பா மகன் ஒருவர் புதுச் சட்டை போட்டு, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று முன்னால் நின்றார். யார் அவரிடம் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

செலின் வந்து வாசற்படியில் நின்றாள். அந்த உறவினர் கையை நீட்டினார். அவள் நகரவில்லை. பேண்டு நின்றது. சனம் திரும்பிப் பார்த்தது. முக்காட்டுக்குள்ளிருந்து வலது கையை அவள் நீட்டியபடியே நின்றாள், அவரைப் பார்த்து அல்ல, தூணைப் பார்த்து.

என் முதுகில் ஒரு கை பட்டது. கித்தேரி. “போண்ணே. பிள்ள நிக்கா.”

போய்ப் பிடித்தேன். அப்போதுதான் தண்ணீரை விட்டு எடுத்தது போல் அந்தக் கை சில்லிட்டு நனைந்திருந்தது.

முதல் படி ஏறும்போது கோபுரத்தில் உச்சி மணி அடித்தது. சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் சிலுவை வரைந்தார்கள். பெண்கள் கைகூப்பினார்கள். முன்னால் போன உபதேசியார் கூட நின்று கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒருவன்தான் கையை எடுக்காமல் நின்றேன். மாதாவே, எனக்கு இதுதான் செபம் என்று மனசுக்குள் சொன்னேன்.

என் கை இழுபட்டது. ஒரு குட்டை இழுப்பு. ஒரு நெட்டை இழுப்பு. செலின் நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளை நடத்திக்கொண்டு போனேன். பீடத்தின் முன்னால் அவள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டு என் கையை எடுத்தேன். எனக்குப் பின்னால், வெகு கிட்டத்தில், பல்லிடுக்கில் யாரோ மூச்சு விட்டார்கள், சீட்டி போல. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.